எத்தனையாவது கார்னர்

ஒன்பதாம் நாள் காலை
தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்த
டாக்டர் நசீமா
என்னிடம் சொல்லவில்லை,
பின்னால் வந்த பயிற்சி டாக்டரிடம் சொன்னார்:
"ஷி ஹாஸ் டர்ன்டு த கார்னர்."
கையுறையை உரித்துக் கூடையில் போட்டார்.
போய்விட்டார்.

எனக்கு அதில் ஒரு சொல்தான் புரிந்தது.
கார்னர்.
பதினேழு வருஷமாக அதில்தான் பிழைப்பு.
சேலம், ஏற்காடு, ஒரு நாளைக்கு நாலு நடை,
நடைக்கு இருபது கொண்டை ஊசி,
ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் உண்டு.
எத்தனையாவது கார்னர்ங்க என்று
கேட்க வாயெடுத்தேன்.
"மூலை திரும்பிட்டாங்க அண்ணா, நல்ல சேதிதான்"
என்றது அந்தப் பெண்.
மூலை திரும்பினால் நல்ல சேதி என்று
மலைப்பாதையில் வண்டி ஓட்டாத எவனோதான்
சொல்லியிருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த கார்னர் வேறு.
திரும்பும் முன் ஹாரன்.
திரும்பும்போது மூச்சு இல்லை.
திரும்பிய பிறகு அடுத்த பலகை.
இடது ஜன்னலில் இருந்த ஊர் வலது ஜன்னலுக்கு வரும்.
அதே ஊர், அதே விளக்குகள்,
கொலுசை அடகு வைத்த கடனும் அதே.
கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான்.

மைத்துனியை வார்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு
டூட்டிக்குப் போன முதல் நடையில்
முன் சீட்டில் ஆக்னஸ் டீச்சர்.
கான்வென்ட்டில் இங்கிலீஷ் எடுப்பவர்.
கேட்டேன்.
நனைந்த குடையை மடித்துக்கொண்டே சொன்னார்:
கப்பல்காரர்கள் பேச்சாம் அது.
ஆப்பிரிக்காவின் கால்நுனியில் ஒரு முனை,
அங்கே காற்றுக்கும் கடலுக்கும் ஓயாத சண்டை,
அதைச் சுற்றி வந்துவிட்டால்
மிச்சமிருப்பவர்களுக்கு உயிர் மிச்சம்.
"அப்படித்தான் சொல்றாங்க, தீர்த்தகிரி.
சாதாரணத் தெருமுனைதான்னு சொல்றவங்களும் இருக்காங்க.
வார்த்தைக்கெல்லாம் பொறப்புச் சர்டிபிகேட் கிடையாது."

ஏழாவது வளைவில் கியர் இறக்கினேன்.
நான் கடல் பார்த்தது ஒரே முறை, திருச்செந்தூரில்,
மொட்டைத் தலையில் வெயில் சுட்டது மட்டும் நினைவு.
இருந்தும் அந்தக் கப்பல் கண்ணில் நின்றது:
பாய் கிழிந்து, ஒரு பக்கம் சாய்ந்து,
டாப்பில் வாழைத்தார் ஏற்றிய எங்கள் வண்டி மாதிரி.
"அப்ப ஒரு கண்டத்தையே சுத்தி வரணும், இல்லீங்களா?"
"ஆமா. கண்டம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.
எட்டு. ஒன்பது.
பத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஆவணியில் செவ்வாய்ப்பேட்டை ஜோசியர்
பாவாயியின் கட்டத்தைப் பார்த்து
முப்பத்தெட்டில் ஒரு கண்டம் இருக்கு என்றார்,
தாண்டிட்டா அப்புறம் பயமில்லை என்றார்,
இருநூறு ரூபாய் வாங்கினார்.
பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில்
நீலத்துக்கு நடுவே கிடந்ததும் அதே சொல்.
வெள்ளைக்காரன் கப்பலில் சுற்றியதை
நாங்கள் ஜாதகத்தில் சுற்றியிருக்கிறோம்.
சிரிப்பு வந்தது.
ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால்
கண்ணைத் துடைக்க முடியவில்லை.
கண்டக்டர் பார்க்காத மாதிரி சில்லறை எண்ணினான்.

பன்னிரண்டு நாள் கழித்து
இரவல் ஆம்னியில் அவளைக் கூட்டிப் போனேன்.
முடி பாதி கொட்டியிருந்தது.
மடியில் ஒரு பை, பையில் சாத்துக்குடித் தோல்.
பலகைகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தவள்
பதினொன்றில் நிறுத்தச் சொல்லி
கைப்பிடிச் சுவரில் குனிந்து வாந்தி எடுத்தாள்.
முதுகைத் தடவியபடி
கப்பல், முனை, டாக்டர் சொன்னது
எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னேன்.
"திரும்பினது நான்.
நீங்க வெறும் டிரைவர்" என்று
முந்தானையில் வாயைத் துடைத்தாள்.

பதினாலைத் திரும்பியதும்
சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி ஒன்று
மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.
எங்கள் ஹாரனுக்கு நின்றது.
முகப்பு விளக்கைத் தணித்தது.
மலையில் சட்டம் ஒன்றுதான், ஏறுகிறவனுக்கு வழி.
நான் கை தூக்கினேன்.
பாவாயியும் தூக்கினாள்,
ஊசி குத்திக் கறுத்த கையை.

இன்னும் ஆறு பலகை.
சேலம் வலப்பக்கம் வந்தது.